கொழும்பு லைனில் ஒரு கேள்வி

எங்கள் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நின்றுகொண்டே வேலை செய்த ஒரே ஆள் அக்காதான். எங்கள் எல்லாருக்கும் உட்கார உயரமான கதிரை தந்திருந்தார்கள். அக்காவின் கதிரையில் அவருடைய கைப்பை இருக்கும், பாதி வாசித்த பத்திரிகை இருக்கும், பிரித்துவிட்டு மறந்துபோன கச்சான்கடலைச் சுருள் இருக்கும். ஒருமுறை உயிர் நண்டுகள் நிறைந்த பையொன்றுகூட இருந்தது. அவர் அதில் உட்கார்ந்து நான் கண்டதேயில்லை. "இருந்தனெண்டா என்ட கால் தன்பாட்டில கதைக்கத் தொடங்கிடும்" என்பார்.

திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி இருந்த மேல்மாடி அறை அது. நான் சொல்வது எழுபதுகளின் பிற்பாதி. அப்போது நகரத்தில் யார் யாரோடு பேசுவதென்றாலும் எங்கள் கையைத் தாண்டித்தான் போகவேண்டும். முன்னால் சுவர்போல நிற்கும் பலகையில் ஒவ்வொரு டெலிபோனுக்கும் ஒரு துளையும் ஒரு சின்னத் தகட்டு மூடியும் இருக்கும். யாராவது கூப்பிட்டால் அவருடைய மூடி 'டக்' என்று விழும். வயரின் ஒரு முனையைச் செருகி "நம்பர் பிளீஸ்" என்று கேட்டு, கேட்ட இலக்கத்தின் துளையில் மறு முனையைச் செருகுவோம். கொழும்புக்குப் போகும் லைன்கள் இரண்டே இரண்டு. மழை பெய்தால் ஒன்று.

நான் உப்புவெளியிலிருந்து பஸ்ஸில் வருவேன். ஏழு வருடம் அக்காவுக்குப் பக்கத்துப் பலகை என்னுடையது. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர், அதனால்தான் 'அக்கா'.

அக்கா பஸ்ஸில் விட்டுவிட்டு வந்த குடைகளை ஒன்றாக விரித்தால் மாவட்டக் கச்சேரி அலுவலக முற்றம் முழுக்கப் பந்தல் போடலாம் என்று எங்கள் பியோன் சொல்வார். ஒருநாள் ஒரு காலில் கறுப்புச் செருப்பும் மறுகாலில் மண்ணிறச் செருப்புமாக வந்து நின்றார். நான் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "நல்லகாலம், ரெண்டும் என்டதான்" என்றார்.

அவர் சொல்லும் கதைகளும் அப்படித்தான். மச்சாளின் பிரசவத்தில் தொடங்குவார். ஆஸ்பத்திரி வாசலில் விற்ற அன்னமுன்னாப் பழத்துக்குத் தாவுவார். பிறகு பழம் விற்றவருடைய மருமகன், அவன் ஏறிப்போன கப்பல், கப்பலில் நடந்த சண்டை. மச்சாளுக்கு என்ன பிள்ளை என்று அறிய எங்களுக்கு இரண்டு நாள் பிடிக்கும்.

அவருடைய பிழைகள் எல்லாம் பின்னேரங்களில்தான் நடக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு நகரம் கண்ணயரும். ஒரு மூடியும் விழாது. அந்த நேரத்தில் வருகிற ஒரேயொரு டெலிபோன் கோலை அக்கா தப்பான இடத்தில் கொடுத்துவிடுவார். கலியாணப் பெண்ணின் தகப்பன் ஒருவர் சம்பந்தி வீட்டைக் கேட்டார். அக்கா ஐஸ் பக்டரியைக் கொடுத்துவிட்டார்.

"எங்கட பக்கத்தில எல்லாம் ஆயத்தம். எப்ப வாறியள்?" என்று தகப்பன் கேட்டிருக்கிறார்.

"விடிய நாலு மணிக்கு லொறி வரும்."

"லொறியிலயோ?"

"பின்ன எதிலயாம்? எத்தனை வேணும் எண்டு சொல்லுங்கோ."

"எத்தனையோ? எங்களிட்ட ஒரு பொம்பிளைப்பிள்ளைதானே இருக்கு!"

இந்தக் கதை நகரமெல்லாம் பரவியது. முறைப்பாடும் வந்தது. மேலிடம் விளக்கக் கடிதம் கேட்டது. அக்கா ஒழுங்காக எழுதினார், கொடுக்கப்போகும் வழியில் கடிதத்தைத் தொலைத்தார். ஏன் தொலைந்தது என்று இன்னொரு விளக்கக் கடிதம்.

எதற்கும் சிரிப்பார். ஒரே ஒரு தடவை சிரிக்கவில்லை. மேற்பார்வையாளர், "உங்களுக்கு வேலையில அக்கறை இல்லை" என்று எல்லார் முன்னாலும் சொன்ன நாள். அக்கா குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினார். நான் துவாயோடு போனேன்.

"என்னவும் சொல்லட்டும். அக்கறை இல்லை எண்டு மட்டும் சொல்லக்கூடாது" என்றார். "எனக்கு எல்லாத்திலயும் அக்கறை. ஒரு காகம் கத்தினாலும் அக்கறை. அதுதானே என்ட கரைச்சல்."

அவரிடம் இன்னொரு விநோதமும் இருந்தது. ஒரு போத்தல் நிறையக் கடுங்கோப்பி கொண்டுவருவார். எங்களுக்கு அதில் ஒரு வாய் குடித்தால் நெஞ்சு படபடக்கும். அக்கா இரண்டு கோப்பை குடித்துவிட்டு, "இப்பதான் நித்திரை வருது" என்று நின்றபடியே சுவரில் தலையைச் சாய்ப்பார். மெய்யாகவே தூங்கிவிடுவார்.

துறைமுகத்தில் சரக்குப் படகொன்று தீப்பிடித்ததும் ஒரு பின்னேரம்தான். யன்னலில் கரும்புகை தெரிந்த அடுத்த நிமிடம் பலகையில் மூடிகள் மழைபோல விழுந்தன. எனக்கோ எந்தத் துளை யாருடையது என்பதே மறந்துவிட்டது. பக்கத்தில் அக்காவின் குரல் மட்டும் தணிந்து, நிதானமாக வந்தது.

"நீ ஆஸ்பத்திரியையும் பொலிசையும் மட்டும் பார். மிச்சத்தை என்னட்ட விடு."

அவருடைய இரண்டு கைகளும் பலகையில் ஓடின. என்ன நடந்தது என்று புதினம் கேட்க எடுத்தவர்களிடம், "மாமி, புகை எங்களுக்கும் தெரியுது, லைனை விடுங்கோ" என்றார். நகரசபைத் தண்ணீர் லொறி திருத்த வேலைக்குப் போயிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால் யாரும் கேட்காமலே ஆலை ஒன்றின் லொறியைக் கூப்பிட்டுக் கொடுத்தார். தேடப்பட்ட டொக்டர் அந்தக் கிழமையில் எந்த வீட்டில் கடதாசிச் சீட்டு விளையாடுவார் என்பதும் தெரிந்திருந்தது. இரண்டு மணித்தியாலம். ஒரு கோல் பிசகவில்லை. காயப்பட்ட மூன்று தொழிலாளர்களும் பிழைத்தார்கள்.

எல்லாம் அடங்கியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த ரெண்டு மணித்தியாலமும் என்ட மண்டைக்குள்ள என்ன அமைதி தெரியுமோ? ஒரு சத்தமில்லை." பிறகு கைப்பையைக் கதிரையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இப்படியான ஒருவரைப் பற்றி அப்போது எங்களுக்குச் சொல்லத் தெரிந்தது இரண்டே சொல்தான். நல்ல மனுசி, ஆனால் மறதிக்காரி. மூன்றாவதாக ஒன்று ஒரு மாரிகாலக் காலையில் கொழும்பிலிருந்து வந்தது.

ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு பிள்ளைகள் டொக்டர் வந்திருந்தார். கிண்ணியாவிலிருந்து எட்டு வயதுப் பெண்பிள்ளை ஒருத்தியை அவரிடம் கொண்டுவந்திருந்தார்கள். வகுப்பில் ஒரு நிமிடம் இருக்கமாட்டாள். கேள்வி முடியமுதல் பதில் சொல்வாள். தோணி போவதைப் பார்த்தால் எழும்பி அதன் பின்னால் போய்விடுவாள். பள்ளிக்கூடம் இனி வேண்டாம் என்றுவிட்டது. என்ன செய்வது என்று கேட்க, டொக்டர் கொழும்பிலிருந்த தன் பேராசிரியருக்கு ட்ரங்க் கோல் கேட்டிருந்தார்.

விடாத மழை. இரண்டு லைன்களில் ஒன்று செத்துவிட்டது. மற்றதில் பேராசிரியரின் குரல் எங்கள் பலகைவரை வந்தது, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரவில்லை. அப்படியான வேளைகளில் நடுவில் நிற்கும் ஒபரேட்டர் கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லலாம் என்பது விதி. அக்கா சொல்லத் தொடங்கினார். பேச்சு இங்கிலீசில். நான் பக்கத்தில் இருந்து கேட்டதைத் தமிழில் தருகிறேன்.

"பிள்ளை குழப்படிக்காரி இல்லையாம், டொக்டர். புத்தி குறைவும் இல்லையாம்."

"கவனம் இல்லாத பிள்ளை என்று எழுதவேண்டாமாம். கவனம் நிறைய இருக்கிறது. அதை ஓரிடத்தில் நிறுத்திவைக்கிற பகுதிக்குத்தான் பலம் போதாது. நெற்றிக்குப் பின்னால், மூளையின் முன்பக்கம். எதைப் பார்ப்பது எதை விடுவது என்று தெரிவதும், கையையும் காலையும் 'பொறு' என்று தடுப்பதும் அந்தப் பகுதியின் வேலை."

"நரம்புக் கலங்கள் ஒன்றுக்கொன்று செய்தி கொடுப்பது ஓர் இரசாயனத்தால். இந்தப் பிள்ளைகளுக்கு அது அந்த இடத்தில் போதாமல் இருக்கலாம், அல்லது செய்தி போய்ச் சேரமுதல் திரும்ப உறிஞ்சப்படலாம் என்று நினைக்கிறார்கள். இன்னும் நிச்சயமில்லை. 'நினைக்கிறார்கள்' என்றே எழுதச் சொல்கிறார்."

அதுவரை அக்காவின் குரல் வானொலிச் செய்திபோல இருந்தது. அடுத்த வசனத்தில் மெல்லத் தளர்ந்தது.

"சலிப்பான வேலையில் இவர்களுக்குக் கவனம் வழுக்கிப்போகும். புதியது ஏதும், ஆபத்து ஏதும் வந்தால் நரம்புகள் விழித்துக்கொள்ளும். அதனால் வகுப்பில் இருக்கமுடியாத பிள்ளை..." நிறுத்தினார். என்னைப் பார்த்தார். "...அந்தரமான, ஆபத்தான வேளையில் மற்ற எல்லாரையும்விட நிதானமாக நிற்கக்கூடும்."

நான் என் பலகையை மறந்துவிட்டேன்.

"மருந்து இருக்கிறது, டொக்டர். மற்றவர்களை உசுப்பிவிடுகிற வகை மருந்து. இவர்களை அதுவே அமைதிப்படுத்தும்." சொல்லிக்கொண்டே தன் கோப்பிப் போத்தலைத் திரும்பிப் பார்த்தார்.

இதற்கிடையில் என் பலகையில் ஒரு மூடி திரும்பத் திரும்ப விழுந்தது. பெரிய அதிகாரி ஒருவர் அதே கொழும்பு லைனுக்காகக் காத்திருந்தார். "இப்ப தாறன் சேர்" என்று நான் ஐந்து தடவை சொல்லியிருப்பேன். மூன்று நிமிடத்துக்கொருமுறை நேரம் முடிந்ததை அறிவிக்கவேண்டிய அக்காவுக்கு மணிக்கூடு என்று ஒன்று இருப்பதே நினைவில்லை. பத்தொன்பது நிமிடம். பேராசிரியர் முடித்துக்கொள்ளும் நேரத்தில் அக்கா தன் சொந்தக் குரலில் கேட்டார்:

"சேர், இது பெரிய ஆக்களுக்கும் இருக்குமோ?"

"டொக்டரா கேட்கிறார்?"

"இல்லை சேர். ஒபரேட்டர்."

 லைன் இரைச்சலையும் தாண்டி அந்த மனிதர் சிரித்தது எனக்கே கேட்டது. அக்கா பதிலையும் பழக்கதோஷத்தில் திருப்பிச் சொன்னார்: "வளர வளரப் போய்விடும் என்றுதான் புத்தகத்தில் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் புத்தகத்தின்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை."

வயரைக் கழற்றினார். காதிலிருந்த கருவியைக் கழற்றி, என் தலையில் ஏற்கெனவே இருந்த கருவிக்கு மேலேயே மாட்டிவிட்டு யன்னலடிக்குப் போனார்.

"நாப்பது வருசம்" என்றார் மழையைப் பார்த்து. "நாப்பது வருசமா நான் என்னையே ஏசிக்கொண்டிருக்கிறன். நெத்திக்குப் பின்னால ஒரு சொட்டு என்னவோ போதாதாம். அவ்வளவுதானாம்." சிரித்தார். கண்ணிலிருந்து நீரும் வந்தது. இரண்டையும் அவர் துடைக்கவில்லை.

லைனுக்குக் காத்திருந்த அதிகாரி முறையிட்டு, ஒரு கிழமைக்குள் விசாரணை வந்தது. லைனைப் பத்தொன்பது நிமிடம் அடைத்தது, அரச கோலில் சொந்தக் கதை கதைத்தது என இரண்டு குற்றம். முறைப்பாட்டுக் கடிதங்கள் கோத்த அவருடைய பழைய கோவை தடிப்பாக இருந்ததால், இந்தமுறை வேலையே போய்விடும் என்று பேசிக்கொண்டார்கள். அக்காவின் கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. மூன்று பிள்ளைகள்.

சாட்சி நான்தான். இரண்டு இரவு எனக்கு நித்திரை இல்லை. அக்காவிடம் போய், "நீங்க ஒண்டும் கேக்கேல்லை எண்டு சொல்லிவிடுறன்" என்றேன்.

"ஐயோ, பொய் மட்டும் சொல்லிப்போடாதை" என்றார். "நீ என்ன பொய் சொன்னனீ எண்டதை மறந்துபோய் நான் உண்மையைச் சொல்லிப்போடுவன். பிறகு ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

விசாரணைக்கு வந்தவர் நரைத்த தலையும் இறுக்கிய முகமுமாக இருந்தார். என்னைக் கேட்டார்: "நீர் பக்கத்தில இருந்தனீர். அவ சொந்தக் கதை கதைச்சாவோ?"

"ஓம் சேர். ஒரு கேள்வி கேட்டா." அவர் முன்னாலிருந்த கோவையைக் காட்டினேன். "ஆனா சேர், படகு எரிஞ்ச நாளிலயும் நான் பக்கத்திலதான் இருந்தனான். அண்டைக்கு எனக்கு ஏலாமப் போச்சுது. அவ இல்லாட்டி அந்த மூண்டு பேரும் இல்லை. அது அந்தக் கோவையில இருக்கோ?"

அவர் கோவையைப் புரட்டினார். இருக்கவில்லை. அக்காவின் பக்கம் திரும்பினார். "நீங்கள் சொல்லுங்கோ. ஏன் இப்பிடி?"

அக்கா முன்னால் வந்தார். "சேர், ஆக்களுக்கு மண்டைக்குள்ள ஒரு மேற்பார்வையாளர் இருக்கிறாராம். எந்த மூடியை முதல்ல பார்க்கிறது எண்டு சொல்றதுக்கு. என்டவர் அடிக்கடி லீவில போயிடுறார்."

"எப்ப திரும்பி வருவார்?"

"நெருப்புப் பிடிச்சா ஓடிவந்திடுவார், சேர்."

அவருடைய உதடு கொஞ்சம் அசைந்தது. அந்த நேரம் பிள்ளைகள் டொக்டர், யாரும் கூப்பிடாமலே, நனைந்த சட்டையோடு உள்ளே வந்தார். லைனை அடைத்தது தான்தான், நிறுத்தச் சொல்லாதது தன் பிழை என்றார். பையிலிருந்து இரண்டு தாள் எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று அன்று அக்கா சொல்லச் சொல்ல அவர் எழுதியது. மற்றது பேராசிரியர் பிறகு தபாலில் அனுப்பிய குறிப்பு. அதிகாரி மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டையும் வரி வரியாக ஒப்பிட்டார். வெகுநேரம் எடுத்தது. கருத்தில் ஓரிடமும் பிசகவில்லை.

"பத்தொன்பது நிமிசம்" என்றார் தனக்குத்தானே. பிறகு தீர்ப்பு: எழுத்தில் ஓர் எச்சரிக்கை. இன்னொன்றை எழுதாமல், எங்கள் மேற்பார்வையாளரைப் பார்த்துச் சொன்னார். "இவவை இனிப் பின்னேரத்தில நிறுத்தாதேயுங்கோ. காலமை, கோல் கூடின பலகையில நிறுத்துங்கோ. ஆளைப் பிழையான இடத்தில வைச்சிட்டு ஏன் என்ட உயிரை வாங்குறியள்?"

நான் எண்பதுகளின் தொடக்கத்தில் மாற்றலாகிப் போகும்வரை அக்கா காலைப் பலகையில்தான் நின்றார். குடைகள் தொலைந்துகொண்டேயிருந்தன. கோவை அதற்குமேல் தடிக்கவில்லை.

விசாரணை முடிந்த அடுத்த ஞாயிறு, "வா, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வருவம்" என்றார். டொக்டரிடம் கேட்டு வழியும் அறிந்து வைத்திருந்தார். பாதையில் ஏறினோம். பாதை என்றால் ஆட்களையும் வாகனங்களையும் குடாவுக்கு அக்கரை கொண்டுபோகிற தட்டைப் படகு. கிண்ணியாவில் அந்த வீட்டு முற்றத்துக் கொய்யா மரத்தில்தான் பிள்ளை இருந்தாள். டொக்டரிடம் வழி கேட்டு வந்தோம் என்றதும் தாய் அழத் தொடங்கிவிட்டார்.

"மூளையில பிழை எண்டுறாங்க. நாளைக்கு ஆரு இவளைக் கலியாணம் முடிப்பான், சொல்லுங்க?"

"என்னை முடிச்சாரே ஒருத்தர்" என்றார் அக்கா. "எனக்கும் அதே மூளைதான். கறியில உப்பு இருக்கா இல்லையா எண்டு பார்க்கிறதே அந்த மனுசனுக்கு ஒரு பொழுதுபோக்கு."

தாய் அழுகையை நிறுத்திவிட்டு அக்காவை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க அரசாங்க வேலையா?"

"ஓம். பதினெட்டு வருசம். நிண்டுகொண்டே."

பிள்ளை மரத்திலிருந்து குதித்தாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். தோணி, நண்டு, மழை, ஒரு பூனை, வாத்தியாரின் பல். ஐந்து கதையில் ஒன்றும் முடியவில்லை, இருவருக்கும் எல்லாம் விளங்கியது. தாய் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வரும்போது அக்கா அவரிடம் சொன்னார்: "டொக்டர் சொல்ற மருந்தைக் குடுங்கோ. ஒரு நேரத்தில ஒரு வேலை மட்டும் சொல்லுங்கோ. அடிக்கிறதை விடுங்கோ. அடிச்சா பயம்தான் வரும், மண்டைக்குள்ள அந்தச் சொட்டு ஊறாது."

திரும்பவும் பாதையில் ஏறினோம். கரையேறியதும், "நான் அம்மாட்டப் போகவேணும். நீயும் வா" என்றார்.

அக்காவின் அம்மா உவர்மலையில் இளைய மகனோடு இருந்தார். எழுபது வயதிருக்கும். கண்டிப்பான மனுசி. கூடத்தில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். கிண்ணியாப் பிள்ளை, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதி, போதாத இரசாயனம், குழப்படி இல்லை, புத்திக்குறைவு இல்லை. ஒரு கதையை அவர் நடுவில் வேறு கதைக்குப் போகாமல் சொல்லி முடித்ததை நான் அன்றைக்குத்தான் கேட்டேன்.

அம்மா கத்தியை வைத்துவிட்டு எழும்பிக் குசினிக்குள் போனார். உள்ளே தகரப்பேணிகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. கோபம்போல என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் கையில் நல்லெண்ணெய்ப் போத்தலோடு வந்து, வாசலில் நின்று, அதைப் பார்த்தார்.

"நான் இப்ப என்னத்துக்கு எழும்பினனான்?"

அக்கா போத்தலைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கவேண்டியிருந்தது.

"அம்மா..."

அம்மா மெல்ல வந்து கதிரையில் இருந்தார். "அப்ப இது என்னட்ட இருந்து வந்ததோ?"

அப்படித்தான் பெரும்பாலும் வரும் என்று டொக்டர் எனக்குப் பிறகு சொன்னார். அன்று எங்கள் இருவருக்கும் அது தெரியாது. 

"நீ மூண்டாம் வகுப்புப் படிக்கேக்க, புத்தகப் பையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டு வந்தனீ" என்றார் அம்மா. "பூவரசம் தடியால அடிச்சனான். அடிச்சுக்கொண்டு நிண்டதில அடுப்பில சோறு இருந்ததை மறந்துபோனன். கரிஞ்சுபோச்சுது." போத்தலை மடியில் வைத்தார். "அதுக்கும் உனக்குத்தான் அடிச்சனான்."

முதலில் சிரித்தது அக்காதான். பிறகு அம்மா. இரண்டு பேருக்கும் ஒரே சிரிப்பு, தோள் குலுங்கி, மூச்சு வாங்கி, கண்ணீர் வருகிற சிரிப்பு. வெங்காயத்தின்மேல் பழி போட்டுக்கொண்டு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

துடைத்து முடித்துக் கேட்டார்: "அந்தப் பிள்ளைக்கு இப்ப ஆரும் அடிக்கிறவையோ?"

"இல்லை அம்மா. சொல்லிப்போட்டு வந்திட்டம்."

"நல்ல வேலை செய்தாய்" என்றார் அம்மா. மகளின் கையைப் பிடித்து, தனக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.